மிச்சத்தை யாரிடம் சொல்வது?

(விருதுநகர் மாவட்டத்தில் நடந்த ஆசிரியர் கூடுகை ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"முதுமையும் தனிமையும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். இதைப் பற்றி ஒரு மருத்துவர் பேசினால் பொருத்தமாக இருக்கும். நான் தமிழாசிரியை. எனக்குத் தெரிந்தது படிப்பதும் எழுதுவதும்தான். ஆகவே வயதான காலத்தில் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பார்ப்பது தனிமைக்கு எந்த அளவு மருந்தாகும் என்பதை மட்டும் பேசுகிறேன். என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவுக்கு 72 வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறுவயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மறந்துபோன எழுத்தையெல்லாம் மறுபடி கற்றுக்கொண்டார். அப்பா பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. அண்ணன் திருப்பூரில். அக்கா சாத்தூர்ப் பக்கம். நான் சிவகாசியில். அம்மா மட்டும் ஊரில், அந்த இரண்டு அறை வீட்டில்.

எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் வரமாட்டார். ஊரை விட்டு வர மனம் இல்லை. காலையில் டிவியைப் போட்டால் இரவு படுக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பார்க்கமாட்டார். "ஏம்மா, பார்க்காத டிவி எதுக்கு ஓடுது?" என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டுல ஒரு சத்தம் வேணும்ல" என்றார். அன்றைக்கு அந்தப் பதில் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை எனக்குப் போன் செய்வார். "என்ன சாப்பிட்ட? என்ன குழம்பு?" இவ்வளவுதான். பாடவேளையில் வந்தால் "கிளாஸ்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவேன். மாலையில் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று நினைப்பேன். வீட்டுப்பாட நோட்டு, எமிஸ் பதிவு, பிள்ளைகளின் சாப்பாடு என்று நேரம் போய்விடும். உண்மையைச் சொன்னால், சில நாள் அந்தப் போன் வந்தாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும்.

மிச்சத்தைச் சொல்லணுமே

இரண்டு வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நேர்காணல் பற்றிப் பாடம் நடத்தினேன். "உங்கள் தெருவில் இருக்கும் மூத்த தொழிலாளி ஒருவரைச் சந்தித்து, அந்தக் காலத்தில் வேலை எப்படி நடந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்று ஒரு செயல்பாடு கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கு அம்மாவின் ஊரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் இரண்டு பெண் பிள்ளைகள் நேராக அம்மாவிடமே போய்விட்டார்கள். எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் போனவர்களை அம்மா பொழுது சாயும்வரை விடவில்லையாம். பெட்டி ஒட்டப் பசை காய்ச்சியது, விடியுமுன்னே ஊருக்குள் வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது, 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ் என்று எண்ணியது, எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் கணக்கப்பிள்ளை திட்டியது, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சேவும் காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை அம்மாவிடமிருந்து போன். இந்தத் தடவை என்ன குழம்பு என்று கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைக மறுபடி வரலையா? மிச்சத்தைச் சொல்லணுமே" என்றார்.

பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் செயல்பாடு முடிந்துவிட்டது. அம்மாவுக்கோ அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மிச்சம் என்றாரே, அது எழுபது வருட மிச்சம். அதைக் கேட்க ஆள் இல்லாமல்தான் டிவி ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அகலக் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்றும், கருப்பு மைப் பேனா இரண்டும் வாங்கிக்கொண்டு போனேன். "மிச்சத்தை இதுல எழுதும்மா" என்றேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் என்ன காமராசரா, சரித்திரம் எழுத?" என்றார். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "காமராசர் மதியச் சோறு போட்டாருன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. அந்தச் சோத்தைத் தின்ன பிள்ளை நீதான. அது எப்படி இருந்துச்சுன்னு நீ எழுதும்மா" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கதை இல்லை. பெயர்ப் பட்டியல் இருந்தது. அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்களின் பெயர்கள், பதினேழு பேர். சில பெயர்களுக்கு எதிரே ஒரு சிறு கோடு. "கோடு போட்டதெல்லாம் போய்ச் சேந்துட்டாளுக" என்றார்.

சிவப்பு மை

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு பக்கம் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதினார். "வேல" என்றும் "கெணறு" என்றும் "பள்ளிகொடம்" என்றும் எழுதியிருந்தார். ஒற்று எங்கும் இல்லை.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். தமிழாசிரியையின் கை சும்மா இருக்குமா? பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நாலு பக்கத்தைத் திருத்திவிட்டேன். அடுத்த தடவை நன்றாக எழுதட்டும் என்ற நல்லெண்ணம்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மூன்று வாரம் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால் "கை நோவுது" என்றார்.

கை நோகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எழுபது வயதில் தன் வாழ்க்கையை ஒருவர் நம் கையில் கொடுக்கிறார், நாம் அதில் ஒற்றுப் பிழை பார்க்கிறோம்! அடுத்த வாரம் போய், அவர் எழுதிய ஒரு வார்த்தையைக் காட்டி, "அம்மா, 'கூதக்காத்து'ன்னு எழுதியிருக்கியே, அது எந்த மாசம் அடிக்கும்?" என்று கேட்டேன். மார்கழியில் தொடங்கி விளக்கமாகச் சொன்னார். "அதையும் எழுது" என்றேன். எழுதினார். அன்றிலிருந்து அந்த நோட்டின் பக்கம் சிவப்புப் பேனாவை நான் கொண்டுபோனதில்லை.

பிழையில்லாமல் எழுதினால்தான் எழுத்து என்று நினைப்பவர்களுக்கு நம் கரிசல் மண்ணே பதில் சொல்லியிருக்கிறது. பக்கத்தில், கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் உயர்நிலைப் படிப்பைத் தாண்டாதவர். இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் பேசும் பேச்சிலேயே எழுதினார். கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1923-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர், தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

நம் மாவட்டத்திலேயே இன்னொருவரும் இருக்கிறார். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா. அவரும் நம்மைப்போல் ஆசிரியர். துறவு மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகளுக்குப் பின் அதை விட்டு வெளியேறி, கையில் வேலையும் இல்லாமல் இருந்த நாட்களில், தன் ஊரையும் இளமைக் காலத்தையும் திரும்பிப் பார்த்து எழுதினார். அதுதான் 1992-இல் வெளிவந்த 'கருக்கு'. ஊர்ப் பேச்சிலேயே எழுதப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்குதான். தனிமை முதியவர்களுக்கு மட்டும் உரியதன்று, தன்கதை எழுதுவதும் அப்படித்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எண்பத்து நான்கில் தொடங்கியவர்

நம் ஆசிரியர் குலத்தின் பெரியவர் உ.வே.சாமிநாதையர். 1855-இல் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்துவிட்டு 1919-இல் ஓய்வு பெற்றார். சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் பதிப்பித்த அவர் தம் சொந்தக் கதையை எழுதத் தொடங்கியது எப்போது தெரியுமா? 1940 ஜனவரியில், 84 வயதில். ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' வாரந்தோறும் வந்தது. தம்மைப் பற்றி எழுதத் தொடங்கியவர் முதலில் தம் ஊரான உத்தமதானபுரத்தைப் பற்றித்தான் எழுதினார். பிறகு பெற்றோர், பிறகு படித்த பள்ளிக்கூடங்கள், தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 122 அத்தியாயங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரைதான் வந்திருந்தது, 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்தார். கதை முடியவில்லை. முடியாத அந்த நூலைத்தான் நாம் இன்றும் படிக்கிறோம்.

உ.வே.சா. தனிமையில் வாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைச் சுற்றி மாணவர்கள் இருந்தார்கள். நான் கவனித்தது வேறொன்று. அது வார இதழ். ஒவ்வொரு வாரமும் அடுத்த பகுதிக்காகப் படிப்பவர்கள் காத்திருந்தார்கள். 'இந்த வாரம் என்ன எழுதினீர்கள்?' என்று கேட்க ஆள் இருந்தது. எண்பது வயதுக்கு மேல் ஒருவரை வாரந்தோறும் எழுத வைத்ததில் அந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டென்று நான் நம்புகிறேன்.

திரு.வி.க.வைப் பாருங்கள். அவரும் சென்னையில் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். மனைவி கமலாம்பிகை 1918-இல் மறைந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1944-இல் 'வாழ்க்கைக் குறிப்புகள்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். முதுமையில் கண்பார்வை போயிற்று. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1951-இல் ஒரு நூல் வந்தது, அதன் பெயரே 'முதுமை உளறல்'. வயதானவர்கள் பேசினால் நாம் எதைச் சொல்லித் தள்ளுகிறோமோ, அந்தச் சொல்லையே எடுத்துத் தம் நூலுக்குப் பெயராக வைத்தார்! 1953-இல் மறையும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த இருவரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எழுதுவதால் மட்டும் தனிமை குறைவதில்லை. எழுதியதைப் படிக்க ஒருவர், சொன்னதை எழுதிக்கொள்ள ஒருவர், அடுத்த வாரம் என்ன என்று கேட்க ஒருவர் வேண்டும். என் அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்ததும் அதுதான்.

கதவுக்குப் பின்னால்

அம்மாவின் நோட்டில் நாற்பதாவது பக்கத்துக்குப் பக்கத்தில் ஒருநாள் இப்படித் தொடங்கியிருந்தது: "மூத்தவள பள்ளிகொடத்துல இருந்து நிப்பாட்டினது நான்தான்."

எங்கள் வீட்டில் அக்காவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்பது. நானும் அண்ணனும் அதைக் கேட்டே வளர்ந்தோம், நம்பினோம். நோட்டில் வேறு கதை இருந்தது. அக்கா வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை. 1982. மழை இல்லை. அப்பாவுக்குக் கையில் தீக்காயம் பட்டு மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் கடன். பத்து வயது அக்காவை அம்மா விடியற்காலை வண்டியில் ஏற்றிவிட்டார்.

பத்து நாள் கழித்து வகுப்பாசிரியர் சைக்கிளில் வீடு தேடி வந்திருக்கிறார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில்தான் இருந்திருக்கிறாள். "உள்ள போடி" என்று அவளைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, "அவளுக்குப் படிப்பு ஏறல சார், அவளே போக மாட்டேங்கிறா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியர் மறுவாரமும் வந்திருக்கிறார். அதே பதில். மூன்றாவது வாரம் வரவில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசியில், சின்னவளுக்குச் சிலேட்டு வாங்கினது மூத்தவள் கூலியில் என்று எழுதியிருந்தார். சின்னவள் நான்தான். அக்கா கல்யாணமாகிப் போகும்வரை, அதாவது நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்வரை, எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில் அவள் கூலிக்கும் பங்கு உண்டு. இன்று நான் பி.எட். படித்து, அரசுப் பள்ளியில் நின்று, 'இடைநிற்றல்' என்று பதிவேட்டில் எழுதுகிறேன்.

படித்து முடித்து நிமிர்ந்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இத அவகிட்ட படிச்சுக் காட்டு. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றார்.

பொங்கலுக்கு அக்கா வந்தபோது படித்துக் காட்டினேன். என் குரல்தான் நடுங்கியது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், "சார் வந்தது எனக்குத் தெரியாதா? கதவுக்குப் பின்னாடிதான நின்னேன்" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நீ ரெண்டு தடவன்னு எழுதியிருக்க. அவுக மூணு தடவ வந்தாக. மூணாம் தடவ நீ தண்ணிக்குப் போயிருந்த. நான்தான் கதவத் தெறக்கல" என்றாள்.

அன்றைக்கு வேறு யாரும் எதுவும் பேசவில்லை. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன பள்ளிக்கூடம் திரும்பி வராது. ஆனால் அதன்பிறகு அக்கா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாள். இரண்டு பேரும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். "அது ஆடி மாசம் இல்ல, புரட்டாசி" என்கிறாள் அக்கா. அம்மா அடித்துவிட்டு எழுதுகிறார். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. டிவியும் ஓடத்தான் செய்கிறது. எனக்கு வரும் போன்களில் மட்டும் மாற்றம். "நம்ம பழைய வீட்டு வேப்பமரம் எந்த வருசம் சாஞ்சுச்சு, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறார். எனக்கு நினைவில்லை என்றால், "அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லு" என்கிறார். இதனால் நானும் அண்ணனும் பேசிக்கொள்வதும் கூடியிருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

இது என் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. வயதானவர்கள் பழையதையே பேசினால் அது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்று மேலைநாட்டு மருத்துவர்களே ஒரு காலத்தில் கருதினார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முதுமையில் மனம் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தீராத கணக்குகளைத் தீர்க்க முயல்கிறது, இது இயல்பானது என்றார்.

1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவரும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், மனத்தை வருத்தும் நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவென்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. இதில் பங்கேற்றவர்கள் இளைஞர்கள். அதனால் முதியவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் முதலில் வருத்தம் கூடும், பிறகுதான் இளகும் என்ற செய்தி நமக்கு வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. முதியவர்கள் மட்டுமல்ல, வளரிளம் பருவத்தினரும் அதில் கணிசமாக இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். ஒரு வீட்டில் பேச ஆளில்லாத பாட்டியும், கைப்பேசியே கதியென்று கிடக்கும் பேத்தியும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரு நோட்டின் இரண்டு பக்கம் உட்கார வைக்க ஆசிரியரால் முடியும்.

செய்து பார்த்ததில் கண்டவை

எங்கள் பள்ளியில் இதை இரண்டு வருடமாகச் செய்கிறோம். நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்ற பதில்தான் வரும். சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும். உங்கள் முதல் கூலி எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள்? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? முதன்முதலில் வீட்டில் மின்விளக்கு எரிந்த அன்று என்ன செய்தீர்கள்? உங்களை அடித்த வாத்தியார் யார், அடிக்காத வாத்தியார் யார்? இப்படி ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் வரும்.

இரண்டாவது, பிறந்த நாளிலிருந்து வரிசையாக எழுத வேண்டியதில்லை. நினைவுக்கு வந்ததை வந்தபடி எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு நினைவு. வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, எழுதத் தெரியாதவர்களும் கண் தெரியாதவர்களும் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதலாம். எங்கள் வகுப்பில் எழுதச் சோம்பும் ஒரு பையன், தன் தாத்தா மானாவாரியில் பருத்தி விதைத்த கதையை ஒன்பது பக்கம் எழுதிவந்தான். அவன் அவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை.

நான்காவது, எழுதியதை அவர்கள் முன்னிலையில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தன் வாழ்க்கையை இன்னொருவர் குரலில் கேட்கும்போது முகம் எப்படி மாறுகிறதென்று நீங்களே பாருங்கள்.

ஐந்தாவது மிக முக்கியம். அந்த நோட்டு அவர்களுடையது. கேட்காமல் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. பிறர் பெயரும் குடும்ப ரகசியமும் அதில் இருக்கும். சொல்ல விரும்பாததைத் தோண்டவும் கூடாது. அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். "அடுத்து என்ன?" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

நோட்டு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. சாப்பாடு வெறுத்து, தூக்கம் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்று பேசும் முதியவரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண்கள் இருக்கின்றன. பள்ளித் தகவல் பலகையில் எழுதிவையுங்கள்.

பணிநிறைவு பெறும் ஆசிரியர்களுக்கு

இந்த ஆண்டு ஓய்வு பெறுகிற மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். முப்பது வருடம் மணியடித்து, மணியடித்து வாழ்ந்துவிட்டீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று காலை ஒன்பது மணிக்கு வீடு எப்படி இருக்கும் என்று எனக்குப் பல மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒன்பது மணிக்கு ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். நீங்கள் சேர்ந்த முதல் பள்ளியின் பெயரை எழுதுங்கள். போகப் பேருந்து இருந்ததா, நடந்தீர்களா? எத்தனை பிள்ளைகள், எத்தனை அறைகள்? வகுப்பில் இருந்து காணாமல் போன பிள்ளைகள் யார் யார்? இந்த மாவட்டம் உருவான 1985-க்கு முன்பும் பின்பும் இங்கே பள்ளிக்கூடத்துக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் நடுவே நடந்த இழுபறியை நேரில் பார்த்தவர்கள் நீங்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. சைக்கிளை மிதித்து ஒவ்வொரு வீடாகப் போய் நின்ற ஆசிரியரின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அக்காவைத் தேடி வந்த அந்த ஆசிரியரின் பெயர்கூட அம்மாவுக்கு நினைவில்லை. அவர் எங்காவது இருந்து, தன் பக்கத்தை எழுதினால் எங்களுக்கு எவ்வளவு வேண்டியதாக இருக்கும்!

இங்கே பேசுவதற்கு முன் அம்மாவிடமும் அக்காவிடமும் அனுமதி கேட்டேன். அம்மா, "என் பேரச் சொல்லிராத" என்றார். சொல்லவில்லை. அக்கா, "சொல்லு. பள்ளிக்கூடம் வராத பிள்ளைக இன்னமும் இருக்கும்ல. மூணு தடவ போய்க் கதவு தெறக்கலன்னா நாலாம் தடவையும் போகச் சொல்லு" என்றாள். தலைப்புக்கு வெளியே போகிறது என்றாலும், அவள் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடமோ, மாமியாரிடமோ, பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் முதல் கூலி எவ்வளவு என்று கேட்டால்கூடப் போதும். பதில் சொல்லி முடிக்கும்வரை போனை எடுக்காதீர்கள். முடித்ததும், "மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறக்காமல் போய் உட்காருங்கள்.